இரண்டரை லிட்டர் நெய்

சரியாக அறுபத்தெட்டு மணி நேரம் அந்த நெய் கியர் பாக்ஸுக்குள் இருந்தது. அதில் கடைசி ஐம்பத்தொரு மணி நேரம் எனக்கு அது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து பதினோரு வாரம் ஆகியிருந்தது. நாரின் நகரத்தில் வேதியியல் படித்தவள். மாமனாரை அத்தா என்றும் மாமியாரை அபா என்றும் கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்று சொல்வதே அதிகம். கேட்டால் பதில் சொல்வேன். புது மருமகள் குரலை உயர்த்தக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அந்த வழக்கம் வசதியாகவே இருந்தது. கல்லூரியிலும் பதில் தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தவள்தான் நான்.

அது ஜூன் முதல் வாரம். என் கணவர் எர்மெக் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கணவாய்க்கு அப்பால் மேய்ச்சல் மலைக்குப் போய் ஆறு நாளாகியிருந்தது. படுக்க ஒரு தார்ப்பாய் மட்டும் கொண்டுபோயிருந்தார். கம்பளிக் கூடாரம், அடுப்பு, மாவு மூட்டை, நாங்கள், எல்லாம் வெள்ளிக்கிழமை பிக்கப்பில் போய்ச் சேர வேண்டும். மேலே ஜூனிலும் பனி கொட்டும். வண்டி கணவாயில் படுத்துவிட்டால் எர்மெக் தார்ப்பாய்க்குள்தான் கோடையைக் கழிக்க வேண்டும். கேட்டு வாங்கவும் வேறு வண்டி இல்லை. அந்த வாரம் எல்லார் வண்டியும் அவரவர் கூடாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

எங்கள் பிக்கப்புக்கு எர்மெக்கைவிட நான்கு வயது அதிகம். ஏப்ரலில் அத்தா என்ஜினைத் திறந்து, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்து, ஹெட் கேஸ்கெட் மாற்றி மூடியிருந்தார். என்ஜின் தயார். பாக்கி கியர் பாக்ஸ். மூன்றாவது கியரில் அது ஓலமிடும். இறக்கத்தில் அந்தக் கியர் தானாகவே கழன்றுகொள்ளும். அப்போதெல்லாம் அத்தா கியர் தடியை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடியே ஓட்டுவார்.

செவ்வாய்க்கிழமை கியர் பாக்ஸை இறக்கி, பழைய கம்பளி ஒன்றை முற்றத்தில் விரித்து, அதன்மேல் பிரித்துப் போட்டார். பக்கத்து வீட்டு ஜெக்‌ஷேன் பாலைக் குடித்த பூனை மாதிரி பக்கத்தில் வந்து குந்தினார். அவர் தன் வண்டியை மூன்று வருஷத்துக்கு முன்பே விற்றுவிட்டார். அன்றிலிருந்து மற்றவர்கள் வண்டியைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

"கல்முராத், இதுல எது வண்டி, எது குப்பைன்னு சொல்லிடு. மிதிச்சிடப் போறேன்."

"நீ உக்காந்திருக்கிறதுதான் குப்பை. எந்திரி, அது பேரிங்."

"இதுவா? இது என் தாத்தா பல்லு மாதிரி இருக்கு. ஒண்ணு ஆடுது, ஒண்ணு இல்ல."

அத்தா பழைய பேரிங்கை எடுத்துக் காதருகே வைத்துச் சுற்றினார். கரகரத்தது. புதியதைச் சுற்றினார். சத்தமே இல்லை. இரண்டையும் என்னிடம் நீட்டினார். நானும் சுற்றிப் பார்த்தேன். அவ்வளவுதான் எங்களுக்குள் அன்று நடந்த பேச்சு. பிறகு ஒவ்வொரு சக்கரமாக அவர் தர, நான் பெட்ரோலில் கழுவி, துடைத்து, கம்பளிமேல் வரிசையாக வைத்தேன். தேய்ந்துபோன பித்தளை வளையத்தையும் மாற்றினார். நான்கு மணிக்குள் பெட்டியை மூடி, ஜெக்‌ஷேனைக் கீழே படுக்க வைத்து, திட்டிக்கொண்டே தூக்கி மாட்டிவிட்டார்.

அபா தேநீருக்குக் கூப்பிட்டாள்.

"மகளே, வெயில்ல வச்சிருக்கிற கேனை எடுத்து மேல இருந்து ஊத்து. ரெண்டரை லிட்டர். அப்புறம் மூடியைப் போட்டுடு" என்று சொல்லிவிட்டு அத்தா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

தெற்குச் சுவரோரம் வெயிலில் இரண்டு கேன்கள் இருந்தன. இரண்டும் சமையல் எண்ணெய் வந்த கேன்கள். ஒன்றில் கியர் ஆயில். இளகட்டும் என்று அத்தா வைத்தது. இன்னொன்றில் போன கோடையில் சேர்த்த நெய்யின் கடைசி. மலைக்குக் கொண்டுபோக அபா உருக்கி வடிகட்டி, கசடு தங்கட்டும் என்று வைத்தது. இந்த இரண்டாவது விஷயம் எனக்குத் தெரியாது. எந்தக் கேன் என்று கேட்டிருக்கலாம். இரண்டே வார்த்தை. உள்ளே ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை.

அருகில் இருந்ததை எடுத்தேன். தேன் நிறம். புது கியர் ஆயிலும் தேன் நிறம்தான். மூக்கில் காலையிலிருந்து பெட்ரோல் தவிர வேறு எதுவும் ஏறவில்லை. வண்டிக்குள் ஏறி, கியர் தடியின் அடிமூடியைக் கழற்றி, குவளையால் அளந்து ஊற்றினேன். கேனில் சரியாக இரண்டரை லிட்டர் இருந்தது. அத்தாவின் கணக்கு எவ்வளவு துல்லியம் என்று வியந்தேன். காலிக் கேனைக் கொட்டகையில் எறிந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அபா மாவுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பேகாயிம், சரக்கு அலமாரியில நெய்க் கேன் இருக்கு. ஒரு கரண்டி கொண்டா."

மூடியைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம். கியர் ஆயிலில் பற்கள் தேயாமல் இருக்கக் கந்தகச் சேர்மம் கலப்பார்கள். அந்த நாற்றத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முந்தைய நாள் சாயங்காலம் அபா சுவரோரம் மிஞ்சியிருந்த கேனைத் தன்னுடையது என்று எடுத்து வந்திருக்கிறாள். அப்படியானால் மற்றது எங்கே இருக்கிறது என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இருக்கா?"

"இல்ல, அபா."

பொய் இல்லை. அங்கே நெய் இல்லைதான். அவள் எழுந்து வருவதற்குள் கேனை என் அறைக்குக் கொண்டுபோய், சீதனப் பெட்டிமேல் அடுக்கியிருந்த மெத்தைகளுக்கு நடுவே செருகினேன்.

"என் கையால வச்சேன்! நேத்து என் கையால வச்சேன்!" அபா அலமாரி முன்னால் நின்றாள். "வீட்டுக்கு யாரு வந்தா? ஜெக்‌ஷேன் வந்தான். போகும்போது கையில பை இருந்துச்சா?"

"ஜெக்‌ஷேன் எதுக்கு நெய்யைத் திருடறான்?" என்றார் அத்தா.

"அவன் பொண்டாட்டி நெய்யை நீ தின்னு பாத்திருக்கியா? நானா இருந்தா நானும் திருடுவேன்."

சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் அத்தா வண்டியை எடுக்கும்வரை சொல்ல வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் தெருவின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ஓலம் இல்லை. முனகல்கூட இல்லை. இருபத்து நான்கு டிகிரி வெயிலில் பாதி உறைந்த நெய், பற்களைப் பஞ்சுபோல் பொத்தி வைத்திருந்தது. அத்தா வண்டியை நிறுத்தி இறங்கினார். பெட்டியைத் தட்டினார். சிரித்தார். பதினோரு வாரத்தில் அவருடைய மேல்வரிசைப் பல்லை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஜூரா! வெளிய வா! கேளு!"

"என்ன கேக்கணும்?" என்றாள் அபா.

"அதான்! ஒண்ணும் கேக்கல பாரு!"

சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேரை ஏற்றி இறக்கிவிட்டார். மூன்றாவது கியரைப் போட்டு, கையைத் தூக்கிக் காட்டி, கியர் தானாக நிற்பதைப் பார்க்கச் சொன்னார். ஜெக்‌ஷேன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"என்ன ஆயில் ஊத்தின? உண்மையைச் சொல்லு."

"ஆயில்ல என்ன இருக்கு? கை வேணும், கை."

அந்த முகத்திடம் போய் எப்படிச் சொல்வது? நானே சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். கெட்டதை வடித்துவிட்டு நல்லதை ஊற்றினால் போதும். வீட்டில் முதலில் எழுந்து முற்றம் பெருக்குவது மருமகளின் வேலை. வியாழக்கிழமை விடிந்ததும் துடைப்பத்தோடு பதினேழாம் நம்பர் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். ஆயில் வடிக்கும் அடியாணியைக் கழற்றி, கிண்ணத்தைப் பிடித்தேன்.

ஒரு சொட்டு வரவில்லை.

துளைக்குள் விரலை விட்டேன். மெழுகு. சுவரிலிருந்த வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது. நெய் உருகக் குறைந்தது முப்பத்து நான்கு டிகிரி வேண்டும். இதை ஒரு வேதியியல் பட்டதாரி படுத்துக்கொண்டா கண்டுபிடிக்க வேண்டும்? எங்கள் நாய் அக்தோஷ் பக்கத்தில் வந்து படுத்து என் விரலை நக்கியது. ஆணியை மாட்டிவிட்டு வெளியே வந்து பெருக்கினேன்.

சூடாக இருக்கும்போதுதான் வடியும். சூடாக இருக்கும்போதெல்லாம் வண்டியைச் சுற்றி ஆள்.

அன்று சாயங்காலம் அத்தா எங்களை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைவரை ஒரு நீண்ட ஓட்டம் போனார். திரும்பும்போது வண்டிக்குள் போர்சோக் பொரிக்கும் வாசனை எழுந்தது. நெய்யில் மாவுத் துண்டுகள் உப்பிச் சிவக்கும்போது வருமே, அதே வாசனை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆகா" என்றார் அத்தா, ஜன்னலை இறக்கி. "வியாழக்கிழமையில்ல! ஊரே பொரிக்குது."

வியாழக்கிழமைகளில் எல்லா வீட்டிலும் எண்ணெய் காயும். இறந்துபோனவர்களுக்கு அந்த மணம் போய்ச் சேரும், அதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. அபா கையை ஏந்தி, முணுமுணுத்து, முகத்தைத் தடவிக்கொண்டாள்.

"யாரோ நல்ல நெய்யில பொரிக்கிறாங்க" என்றாள் பெருமூச்சோடு. "நான் மட்டும் பருத்திக்கொட்டை எண்ணெய்ல பொரிச்சேன். எங்க அம்மா அங்க முகத்தைச் சுளிச்சிருப்பா."

வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் அக்தோஷ் ஓடிவந்து வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டது. பெட்டியின் பின்பக்க சீல் எப்போதுமே லேசாகக் கசியும். ஜெக்‌ஷேன் குனிந்து பார்த்தார்.

"கல்முராத், உன் நாய்க்கு இந்த வண்டிமேல என்ன இவ்வளவு காதல்?"

"நல்ல வேலையை நாய்க்குக்கூடத் தெரியுது. உனக்குத்தான் தெரியல."

"நெய்த் திருடனுக்கு என்ன தெரியும்!" என்று உள்ளேயிருந்து அபா குரல் கொடுத்தாள்.

"ஏ ஜூரா, ஏழு முற்றம் தாண்டிக் கேக்குது! என் மருமகன் காதுல விழுந்தா என்ன நினைப்பான்?"

"கேனைக் கொண்டா, நிறுத்தறேன்."

ஆண்கள் கலைந்தபோது பெட்டி ஆறிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். அத்தா ஓட்டினார். அபா ஜன்னலோரம். நடுவில் நான், கியர் தடி என் முழங்காலை ஒட்டி. பின்னால் கூடாரத்தின் கழிகளும் கம்பளிகளும், அவற்றின்மேல் ஜெக்‌ஷேனும் நாயும். அவருடைய கூடாரம் எங்களுக்கு அடுத்த சரிவில். அவர் வீட்டார் முந்தைய நாளே போய்விட்டார்கள். என் மெத்தைக் கட்டும் பின்னால் இருந்தது. அதற்குள் கேன்.

கணவாய்க்கு இருபத்தேழு வளைவுகள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். சமவெளியில் எடையில்லாமல் ஓடும்போது நெய் தாங்கும். ஒரு டன் சுமையோடு ஏறும்போது தாங்காது. சூடேற ஏற அது தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒட்டி நிற்க எதுவும் இருக்காது. அது எந்த வளைவில் நடக்கும் என்று மட்டும்தான் தெரியவில்லை.

பன்னிரண்டாவது வளைவில் தரைமூடி என் செருப்பைச் சுட்டது. பதினைந்தில் மூன்றாவது கியர் மெல்லப் பாட ஆரம்பித்தது.

"சுமை" என்றார் அத்தா.

பதினேழில் பாட்டு உரத்தது. வண்டிக்குள் பொரிக்கும் வாசனை கருகும் வாசனையாக மாறியது. அபா மூக்கை உறிஞ்சினாள்.

"வெள்ளிக்கிழமையும் பொரிப்பாங்க" என்றார் அத்தா. ஆனால் சுற்றிலும் வீடே இல்லை. கல்லும் மர்மோட் என்கிற மலை அணில்களின் வளைகளும்தான்.

பத்தொன்பதாவது வளைவில் கியர் தடி என் முழங்காலில் இடித்துக்கொண்டு கழன்றது. வண்டி பின்னால் உருளத் தொடங்க, அத்தா பிரேக்கை மிதித்துப் பல்லைக் கடித்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. மறுபடி தடியைப் பிடிக்கப் போனார். இன்னொரு முறை அந்தப் பற்களை மோதவிட்டால் எல்லாம் முடிந்தது.

"அத்தா, போடாதீங்க! என்ஜினை அணைங்க!"

அது என் குரல்தான். பின்னால் ஜெக்‌ஷேன் கழிகள்மேல் எழுந்து எட்டிப் பார்த்தார்.

அத்தா அணைத்தார்.

"ஆயிலை மாத்தணும். இப்பவே, சூடா இருக்கும்போதே. ஆறிட்டா வடியாது. அபா, அந்தப் பழைய தாம்பாளம் வேணும். சக்கரத்துக்குக் கல் வைக்கணும்."

"ஊத்தி மூணு நாள்தானே ஆச்சு?" என்றார் அத்தா. "ஏன் மாத்தணும்?"

"பதினோரு வாரத்துல இந்தப் பொண்ணு மொத்தமாப் பேசினது இவ்வளவு இல்ல" என்றாள் அபா. "சொல்றதைச் செய்யேன்யா."

அத்தா கல் தேடப் போனார். ஜெக்‌ஷேன் கழிகளிலிருந்து குதித்தார். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடியில் போனேன். இந்த முறை ஆணி கழன்றதுமே தங்கநிறத்தில் ஓடியது. தாம்பாளம் நிறைந்தது. கடைசியில் வந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தேன். மாவுபோல் சாம்பல் துகள். சில்லு இல்லை. பல் எதுவும் உடையவில்லை. அங்கேயே படுத்தபடி ஒரு முறை நன்றாக மூச்சு விட்டேன்.

வெளியே வந்தபோது மூன்று பேரும் தாம்பாளத்தைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அபா அதில் ஒரு விரலைத் தொட்டு முகர்ந்துகொண்டிருந்தாள். அக்தோஷை ஜெக்‌ஷேன் கழுத்தைப் பிடித்து இழுத்து வைத்திருந்தார்.

"கல்முராத், உன் கியர் பாக்ஸுக்குள்ள யாரோ போர்சோக் சுட்டிருக்காங்க."

"நல்ல ஆயில் காஞ்சா இப்படித்தான் மணக்கும்" என்றார் அத்தா. குரலில் பலம் இல்லை.

நான் பின்னால் ஏறி, மெத்தைக் கட்டை அவிழ்த்து, கேனை எடுத்தேன்.

"இங்க பாரு!" ஜெக்‌ஷேன் தொடையில் அடித்துக்கொண்டார். "எங்க வீட்டு மருமக சீதனத்துல தலையணை கொண்டுவந்தா. உன் மருமக கியர் ஆயில் கொண்டுவந்திருக்கா!"

யாரும் பதில் சொல்வதற்குள் வண்டிக்குள் ஏறி, மூடியைக் கழற்றி, ஊற்ற ஆரம்பித்தேன். அழுகிய முட்டை நாற்றம் வண்டி முழுக்கப் பரவியது. அதைவிட இனிய மணம் எனக்கு அன்று வேறு இல்லை. அத்தா அடியில் படுத்து மட்டம் பார்த்து, போதும் என்று தட்டினார்.

என்ஜினைப் போட்டு மெல்ல ஏற்றினார். முதல் கியர். இரண்டாவது. மூன்றாவது. கழலவில்லை. பழைய ஓலம் இல்லை. ஆனால் அந்த மூன்று நாள் மௌனமும் இல்லை. வேலை செய்கிற வண்டிக்கு இருக்கிற சாதாரண முனகல். எட்டு வளைவும் ஏறினோம். கணவாயின் உச்சியில் நிறுத்தினார். கீழே அந்தப் பக்கச் சரிவில் வெள்ளைப் பொட்டுகளாக ஆடுகள் தெரிந்தன. அவற்றின் ஓரத்தில் நீலப் புள்ளி ஒன்று, எர்மெக்கின் தார்ப்பாய். அது எழுந்து நின்று கையை ஆட்டியது.

எல்லாரும் இறங்கினோம். அபா ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். ஜெக்‌ஷேனுக்கு மட்டும் கொடுக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ரொட்டியைத் தொட்டுச் சொல்லு. என் நெய்யை நீ எடுக்கல?"

ஜெக்‌ஷேன் ரொட்டியைத் தொட்டார். "எடுக்கல. எடுத்திருந்தா இந்த ரொட்டி என்னைக் கேக்கட்டும். போதுமா?"

அத்தா எங்களைப் பார்க்கவில்லை. பானெட்மேல் கையை வைத்தபடி வண்டியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கறதுக்கு யாராவது பதில் சொல்லுங்க" என்றார். "அந்தக் கேன்ல இருந்ததுதான் நான் வாங்கின ஆயில். நாத்தத்துலயே தெரியுது. அப்போ மூணு நாளா உள்ள இருந்தது என்ன? இந்த வண்டி என் ஆயுசுலயே அப்படி ஓடினதில்ல."

அபா ரொட்டியைக் கீழே வைத்தாள். தாம்பாளத்தில் தொட்ட விரலை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். திறந்தபோது நேராக என்னைத்தான் பார்த்தாள். தலைத்துணியின் நுனியை வாயில் கவ்விக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கண்ணில் தண்ணீர் முட்டியது. அது சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அத்தா கேக்கறாருல்ல" என்றாள் துணியை எடுத்துவிட்டு. "சொல்லும்மா. காத்தடிக்குது, சத்தமாச் சொல்லு. ஜெக்‌ஷேனுக்கும் கேக்கணும்."

நான் சத்தமாகச் சொன்னேன்.

"அது அபாவோட நெய், அத்தா. நான்தான் ஊத்தினேன்."